முதலில் கயிறு, அப்புறம் மிஷின்

வாசகர் கடிதம்: சிங்கப்பூரில் மரம் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் எட்டு வருடம் இருந்தேன். ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரங்களை ஸ்கைலிஃப்ட் வண்டி தூக்கும் கூடையில் நின்று கழிப்பதுதான் என் வேலை. இப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே மரம் வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கையில் மூன்று லட்சம் இருக்கிறது. எந்த செயின்சா வாங்கலாம்? ஆன்லைனில் 58 சிசி, 22 இன்ச் மிஷின் மலிவாக வருகிறதே, போதுமா? கடன் வாங்கிப் பழைய ஸ்கைலிஃப்ட் வண்டி ஒன்று எடுக்கலாமா? கூலி எப்படிப் பேசுவது? அம்மாவும் மனைவியும் இந்த வேலையே வேண்டாம் என்கிறார்கள்.

பதில்:

வணக்கம் தம்பி. வண்டிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அங்கே மரத்தடியில் தார் ரோடு இருந்தது, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். இங்கே உங்களைக் கூப்பிடப்போகிற மரம் கொல்லையில் நிற்கும். ஒரு பக்கம் ஓட்டு வீடு, இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டு மதில், நடுவில் கிணறு. சந்துக்குள் வண்டி நுழையாது. நுழைந்தாலும், மழை பெய்த வயல் மண்ணில் வண்டியைத் தாங்கும் ஜாக்கி புதைந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை மாதத் தவணை. தவணை கட்டுவதற்காக, எடுக்கக் கூடாத வேலையையும் எடுப்பீர்கள். ரோட்டோரத்தில் பெரிய வேலை வந்தால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, வாடகையைக் கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் மரம் ஏற வேண்டும். கூடையில் நின்று அறுக்கிறவருக்குக் கூடை தாங்குகிறது. மரத்தில் நின்று அறுக்கிறவரைத் தாங்குவது அவர் கட்டிய கயிறும் அவர் தேர்ந்தெடுத்த கிளையும்தான். உங்கள் கடிதத்தில் மிஷினைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள், கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் மூன்று லட்சத்தில் மிஷினுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மீதி, மேலே இருப்பவரையும் கீழே இருப்பவரையும் பத்திரமாக வைக்கிற சாமான்களுக்கும், அவற்றைப் பழகிக்கொள்ளும் நாட்களுக்கும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றில் ஆள் ஏறக் கூடாது. வெயிலில் கிடந்தால் அது உளுத்துப்போகும். 160, 170 டிகிரி சூட்டில் உருகிவிடுகிற பிளாஸ்டிக் அது. முடிச்சு வேகமாக வழுக்கினால் உரசலிலேயே அவ்வளவு சூடு வரும். ஏறுவதற்கு 11 முதல் 13 மி.மீ. தடிமனில், உள்ளே பாரம் தாங்கும் இழைகளும் வெளியே பின்னிய உறையும் உள்ள, அதிகம் இழுபடாத கயிறு வேண்டும். சீட்டில் ‘இஎன் 1891 ஏ’ என்ற ஐரோப்பியத் தரக் குறி போட்டிருந்தால், குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும் என்று சோதித்த ரகம், அதாவது சுமார் 2,200 கிலோ. ஆள் ஏறும் கயிறு வேறு, கிளை இறக்கும் கயிறு வேறு. இரண்டையும் ஒரே சாக்கில்கூடப் போடாதீர்கள். கலர் மாற்றி வாங்கினால் அவசரத்தில் குழப்பம் வராது.

பெல்ட் விஷயத்திலும் ஒன்று கவனியுங்கள். கட்டட வேலைக்கு விற்கிற, முதுகில் வளையம் வைத்த ஹார்னஸ் விழுந்தவரைப் பிடித்து நிறுத்த ஆனது. அதில் தொங்கினால் முகம் மரத்தைப் பார்க்காது, கை வேலைக்கு எட்டாது. உங்களுக்குத் தேவை இடுப்பிலும் தொடையிலும் பாரம் தாங்கி, முன்பக்கமும் இரண்டு இடுப்புப் பக்கமும் வளையம் உள்ள மரமேறும் ஹார்னஸ். தமிழ்நாட்டில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மலையேற்றச் சாமான் விற்கிறவர்களிடமும், கயிற்றில் தொங்கிக் கட்டடம் துடைக்கிறவர்களுக்குச் சாமான் கொடுக்கிறவர்களிடமும் விசாரியுங்கள். சிங்கப்பூரில் இன்னும் இருக்கும் உங்கள் கூட்டாளிகள் யாராவது லீவில் வந்தால் அங்கிருந்தே வாங்கி வரச் சொல்லலாம். ஆனால் ஒருவர் போட்டுக் கழித்த பழையதை மட்டும் வாங்காதீர்கள். கயிறும் ஹார்னஸும் என்னென்ன பட்டிருக்கின்றன என்று வெளியே பார்த்தால் தெரியாது.

இதோடு உள்ளே ஸ்டீல் கம்பி ஓடும் இடுப்புக் கயிறு ஒன்று. ஓடுகிற செயின் சாதாரணக் கயிற்றைத் தொட்ட மாத்திரத்தில் அறுத்துவிடும். ஸ்டீல் கம்பி அந்த ஒரு கணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மேலே மிஷினை ஸ்டார்ட் பண்ணும்போது உடம்பு இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும்: மேலே ஏறுகயிறு, பக்கத்தில் இடுப்புக் கயிறு. இந்த ஒரு விதியில் எந்த நாளும் சலுகை கிடையாது.

சரி, மிஷினுக்கு வருவோம். அந்த 58 சிசி, 22 இன்ச் விளம்பரத்தை விட்டுவிடுங்கள். பெட்ரோலும் ஆயிலும் ஊற்றினால் மரத்தில் தொங்கிக்கொண்டு பிடிக்கிற எடையாக அது இருக்காது. நீளமான பிளேடு என்றால் நுனி எங்கே போய் இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நுனியின் மேல் கால்பாகம் எதிலாவது பட்டால் மிஷின் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். செயின்சா விபத்துகளில் மோசமானவை பலவும் அப்படி நடக்கிறவை. மலிவு மிஷினில் செயின் பிரேக் சரியாக விழுகிறதா என்பதே சந்தேகம். உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும் என்பது தனித் தொல்லை.

இரண்டு மிஷின் போதும். கிளைக்கு 30 முதல் 35 சிசி, 12 அல்லது 14 இன்ச் பிளேடு. தரையில் தண்டைத் துண்டு போட 50 முதல் 60 சிசி, 18 இன்ச். இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் 18 இன்ச் பிளேடே மூன்றடி விட்டத்துக்குக் கொஞ்சம் குறைவான தண்டுவரை சமாளிக்கும். ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டுமே நல்லவை. எதை வாங்குவது என்பதை, பட்டுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ எந்தக் கம்பெனிக்கு ஒழுங்கான சர்வீஸ் கடை இருக்கிறது என்று பார்த்து முடிவு பண்ணுங்கள். சிங்கப்பூரில் மேல்கைப்பிடி வைத்த சின்ன மிஷினைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் மேல் அது வசதிதான், ஆனால் ஒற்றைக் கையில் பிடித்து அறுக்க ஆசை காட்டும். முதல் வருடம் அது இல்லாமலே ஓட்டுங்கள். மணிக்கட்டு தடிமன்வரை உள்ள கிளைக்கு வளைந்த கை ரம்பம் போதும். ஜப்பான் ரம்பம் ஒன்று வாங்கினால் பாதி வேலைக்கு மிஷினை மேலே ஏற்றவே தேவையிருக்காது.

மிஷினைக் கெடுப்பது பெரும்பாலும் மரமில்லை, எண்ணெய். 50-க்கு 1 என்று கம்பெனி சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், கண் மதிப்பில் இல்லாமல் அளந்து ஊற்றுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் தண்ணீர் தனியாகப் பிரிந்து கார்பரேட்டரையும் ரப்பர் குழாயையும் பாழாக்கும். உங்கள் மாடலுக்கு எத்தனை சதவீதம்வரை ஆகும் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கலந்ததை அந்தந்த வாரமே தீர்த்துவிடுங்கள். மிஷின் சும்மா இருக்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கிறவரை ஓடவிட்டு வையுங்கள். செயினுக்கு லாரியில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. அதிலிருக்கும் இரும்புத் தூள் பிளேடைத் தின்னும், தெறிப்பது உங்கள் தோலில்தான் படும்.

செயினைத் தீட்ட சரியான அரம் வேண்டும். சின்ன மிஷினில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ. (3/8, .325 என்பவை செயின் கண்ணிகளின் இடைவெளி, இன்ச்சில்.) அறுக்கும்போது செதில் செதிலாக விழுந்தால் செயின் கூர். மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. ஆளே அழுத்தி அறுக்கிறபடி ஆகிவிட்டால் விபத்து பக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் மரங்களில் ஆணி, கொடிக்கம்பி, எப்போதோ அடித்த விளம்பரத் தகரம் எல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். அறுக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஹெல்மெட், முகவலை, காதடைப்பு எல்லாம் உங்களுக்குப் பழக்கம். செயின்சா பேன்ட்டை மட்டும் இங்கே யாரும் போடுவதில்லை, ஆகவே நீங்களும் விட்டுவிடுவீர்கள் என்று பயப்படுகிறேன். அதற்குள்ளிருக்கும் நீளமான நூலிழைகள் செயினோடு சுற்றிப் பல்சக்கரத்தை நிறுத்தும். பேன்ட்டின் சீட்டில் வகுப்பு 1 என்றால் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினுக்குச் சோதித்தது. வெயிலுக்குப் புழுங்கும், உண்மைதான். முன்பக்கம் மட்டும் கட்டுகிற ரகம் தரை வேலைக்குப் போதும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மிஷின் பிடிக்கிறவரை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை, எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும்.

இனி ஆட்கள். மேலே ஒருவர் என்றால் கீழே குறைந்தது இருவர். அதில் ஒருவருக்காவது மேலே ஏறி, மாட்டிக்கொண்டவரை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கைலிஃப்டில் பட்டனை அழுத்தினால் கூடை இறங்கும். ஹார்னஸில் மயங்கித் தொங்குகிறவருக்குச் சில நிமிடங்களிலேயே ஆபத்து கூடிவிடும். 108 வண்டி வந்து சேர்கிறவரை அவர் மேலேயே தொங்கக் கூடாது. பனையேறும் குடும்பத்தில் பிறந்த ஆள் யாராவது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், உயரத்தில் அவர் உடம்பு பதறாது. ஆனால் கட்டிக்கொள்ளாமல் வேலை செய்து பழகியவர் என்பதால் முதல் மாதம் முழுக்க அவரோடு சண்டை போட வேண்டியிருக்கும். போடுங்கள்.

சிங்கப்பூரில் தினமும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்று நிற்க வைத்துப் பேசுவார்களே, அது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். அதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள். எந்தக் கிளை முதலில், எந்தப் பக்கம் விழும், கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது, யார் எங்கே நிற்பது, ஐந்து நிமிடம் போதும். நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கிளை ஒன்று விழுந்த சத்தம் கேட்டாலே ஆட்டுக்கு இலை ஒடிக்க ஆள் வந்துவிடும், விறகு பொறுக்கப் பாட்டி வந்துவிடும். பாட்டி கயிறு கட்டியிருப்பதையெல்லாம் பார்க்க மாட்டார். ஒருவருடைய வேலையே வருகிறவர்களை நிறுத்துவதுதான் என்று வையுங்கள். இலையை அவர்களுக்கே தருகிறோம், மிஷின் நின்ற பிறகு வாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பார்கள். இதனால் இலை தழையை அரைக்கும் சிப்பர் மிஷின் உங்களுக்கு வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி.

கிளையை வெட்டித் தள்ளுவது சுலபம். ஓட்டு வீட்டின் மேல் படாமல் இறக்குவதுதான் காசு. பச்சை மரம் என்ன எடை இருக்கும் என்று கண்ணால் சொல்லப் பழகுங்கள். ஒரு அடி விட்டத்தில் ஒரு மீட்டர் நீளத் துண்டே 60, 70 கிலோ வரும். அது இரண்டடி சும்மா விழுந்து கயிற்றைச் சுண்டினால் கயிற்றுக்கு விழுகிற அடி அதைப் போலப் பல மடங்கு. அதனால் சின்னத் துண்டாக அறுங்கள். கட்டும் இடம் அறுக்கும் இடத்துக்கு மேலே இருக்கட்டும். கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த உரசல் பாரத்தைத் தாங்க, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குங்கள். நம் பழைய ஆட்கள் செய்ததும் இதுதான், வெளிநாட்டில் இரும்பு உருளை வைத்துச் செய்வதும் இதுதான். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது.

மரத்துக்கு மரம் குணம் வேறு. புளி வளையும், தாங்கும். முருங்கையிலும் நாவலிலும் கிளையை நம்பிக் காலை வைக்காதீர்கள், முறிவதற்கு முன்னால் சத்தம்கூட வராது. தென்னை தனி உலகம். அதற்குப் பட்டைக்கு அடியில் புண்ணை மூடும் திசு கிடையாது, பட்ட காயம் கடைசிவரை அப்படியே இருக்கும். முள் வைத்த இரும்புக் காலணியை வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்தில் மட்டும் போடுங்கள். தேங்காய் பறிக்கும் வேலையை இதோடு சேர்க்க வேண்டாம், அது வேறு தொழில்.

கூலி பற்றிக் கேட்டீர்கள். நம் பக்கத்தில் “கூலி வேண்டாம், மரத்தை நீயே எடுத்துக்கோ” என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். விறகு உங்களுக்குக் கூலி என்றால், இரண்டு கிளை எடுக்க வேண்டிய மரத்தில் ஆறு கிளை எடுக்கச் சொல்லி உங்கள் வாயே பேசும். மரங்களை மொட்டை அடிக்கிற பழக்கம் வளர்ந்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. மொட்டை அடித்த மரம் ஒரே வருடத்தில் குச்சி குச்சியாகத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். அந்தக் குச்சிகள் உள்ளிருந்து பிடிப்போடு வந்தவை இல்லை, காற்றுக்கு முதலில் கிழிவது அவைதான். வெட்டுக்கூலியைத் தனியாகப் பேசுங்கள். மரத்தை வாங்கிக்கொள்வதானால் அதன் விலையைத் தனியாகச் சொல்லுங்கள். ஒரே தடவையில் பச்சைத் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கவாத்தும் ஒழுங்காக வேண்டும். கிளை தண்டில் சேரும் இடத்தில் கழுத்து மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். முதலில் அதிலிருந்து ஓர் அடி தள்ளி, அடியிலிருந்து கால்வாசி அறுங்கள். அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாமல் கிளை விழும். மீதி முண்டை அந்தப் புடைப்பை ஒட்டி, அதைத் தொடாமல் எடுங்கள். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் பிளந்து பார்த்து, மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று காட்டினார். அந்தச் சுவர் எழும் இடம் அந்தப் புடைப்பு. தண்டோடு வழித்து அறுத்தால் சுவரையே அறுக்கிறீர்கள். தாரும் பெயின்டும் பூசுவதால் பயனில்லை.

வெட்டக் கூடாத மரமும் உண்டு. ரோட்டோர மரமும் புறம்போக்கு மரமும் எதிர் வீட்டுக்காரர் சொன்னால் வெட்டுகிற மரம் இல்லை. அதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். சந்தனம், ஈட்டி, தேக்கு என்றால் சொந்தப் பட்டா நிலமானாலும் வனத்துறையைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பனைக்குக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் பல இடங்களில் ஒரு மீட்டர் சுற்றளவைத் தாண்டிய மரத்தைக் கேட்காமல் தொட முடியாது என்று உங்களுக்கே தெரியும்.

மின்கம்பி பக்கத்தில் இருக்கும் மரத்துக்கு மின்வாரியத்தில் எல்.சி. (லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்கி, லைன்மேன் வந்து நின்ற பிறகு மட்டும் கை வையுங்கள். கரன்ட் போயிருக்கிறது என்பது போதாது. எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைத்திருந்தால் செத்த கம்பிக்கும் உயிர் வரும். அப்புறம் கதண்டு, அந்தப் பெரிய விஷக் குளவி. டெல்டாவில் இதைச் சொல்லத் தேவையில்லை. மிஷினை முடுக்குவதற்கு முன்னால் மரத்தைச் சுற்றி வந்து உச்சிவரை பாருங்கள். கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அன்றைக்கு அந்த மரம் வேண்டாம்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது நீங்கள் அங்கே இருந்திருப்பீர்கள். உங்கள் ஊரில் தென்னை எப்படிக் கிடந்தது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். புயலுக்குப் பின்னால்தான் வேலை குவியும், அப்போதுதான் ஆட்களும் அடிபடுவார்கள். சாய்ந்து அழுத்தத்தில் கிடக்கும் தண்டு வில்லைப் போல நிற்கிறது. வளைவின் உள்ளே அமுங்கியிருக்கும் பக்கத்தில் முதலில் கொஞ்சமாக அறுத்துவிட்டு, இழுபட்டிருக்கும் பக்கத்தில் மெதுவாகத் தொடுங்கள், அதுவும் ஒரு ஓரமாக நின்று. வேரோடு விழுந்த மரத்தைத் தண்டில் அறுத்ததும் வேர்க்கட்டி பழைய குழிக்குள் சட்டென்று எழுந்து உட்காரலாம். அந்தக் குழியில் எந்தக் குழந்தையும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகே அறுங்கள். முதல் மழைக்காலத்தில் இந்த வேலைகளை எடுக்காமல், பழகிய ஒருவரிடம் கூலிக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு வருவது மேல்.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்றால் நியாயம்தான். அவர்களிடம் சமாதானம் பேசுவதைவிடச் சாமானைக் காட்டுங்கள், கீழே இருந்து ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். கூலிக்கு வைத்தவர் அடிபட்டால் பணம் கொடுக்க வேண்டியது நீங்கள் என்பதால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஒன்றை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கேட்டு எடுங்கள். மரம் ஏறுகிற வேலை என்று விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பணம் வராது. அது வருவதற்குள், பேங்க் கணக்கு உள்ள ஒவ்வோர் ஆளையும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், 18 வயது முதல் 70 வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடம் என்பதால், மே கடைசி வாரம் எல்லாருடைய கணக்கிலும் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.